வீட்டில் செய்யும் ஓல்டு ஃபேஷன்டு என்ற விஸ்கி காக்டெய்ல் ஏன் தண்ணீர் போலாகிவிடுகிறது?

குற்றவாளி பெரும்பாலும் ஐஸ்தான். சிறு துண்டுகள் விறுவிறுவென்று உருகிவிடும். பெரிய கட்டி ஒன்றே போதும்.

கனமான கண்ணாடிக் குவளையில் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டு, அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (மூலிகைகள் ஊறிய கசப்புச் சாறு) புட்டியை அதன்மேல் இரண்டு மூன்று முறை உதறுங்கள். ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, கரையும்வரை நசுக்குங்கள். இங்கே அவசரம் கூடாது: மதுவில் சர்க்கரை எளிதில் கரையாது, அடியில் மணலாகத் தங்கிவிடும். பிறகு 60 மி.லி. போர்பன் அல்லது ரை விஸ்கி, ஐஸ். அரை நிமிடம் கிளறுங்கள், குலுக்கினால் கலங்கிப்போகும். ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்து, அதன் எண்ணெய் தெறித்ததும் உள்ளே போடுங்கள்.

செர்ரி, சோடா எல்லாம் என் கணக்கில் வேண்டாத அலங்காரம். 1806இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை காக்டெய்லுக்குத் தந்த விளக்கமே மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்ற நான்குதான்.