கேம்ப்ஃபயரில் பொரிக்கும் ரொட்டி வெளியே கருகி, உள்ளே மாவாகவே நிற்கிறதே, ஏன்?

குற்றம் மாவில் இல்லை, தீயில். கொழுந்துவிட்டு எரியும்போது வாணலியை வைக்காதீர்கள். விறகு தணலாகி மேலே சாம்பல் பூக்கட்டும். எண்ணெயில் ஒரு துணுக்கு மாவைப் போட்டால் சடசடவென்று மேலே வர வேண்டும். உடனே கருத்தால் சூடு அதிகம், கொஞ்சம் தணலைத் தள்ளிவிடுங்கள்.

2 கப் மைதா, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு: வீட்டிலேயே கலந்து எடுத்துப் போனால், அங்கே முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பரோட்டாவுக்குப் போல அடித்துப் பிசையாதீர்கள், ரொட்டி இறுகிவிடும். 10 நிமிடம் மூடி வைத்து, அரை விரல் கனத்துக்குத் தட்டி, நடுவில் ஓட்டை போடுங்கள். வேகாமல் நிற்பது நடுப்பகுதிதானே! அப்புறம் எண்ணெயில் ஒவ்வொரு பக்கமும் 2 நிமிடம் பொரியுங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி போட்டு அணையுங்கள்.