வீட்டு டிவியில் ஓடிடி பார்க்க மொபைல் ஹாட்ஸ்பாட் போதுமா, ஃபைபர் இணைப்பு வாங்கத்தான் வேண்டுமா?

எட்டு மாதம் ஹாட்ஸ்பாட்டிலேயே காலம் தள்ளியவன் நான். போதாது.

என் மொபைல் திட்டத்தில் தினமும் 2 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி, எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகும். அதாவது நாற்பது நிமிடத்தில் அன்றைய படி தீர்ந்துவிடும். 4கே தரத்தில் மணிக்கு 7 ஜிபி வரை போகும். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இதைவிடக் கொடுமை, ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும் யூடியூபின் தானியங்கித் தொடர்ச்சி (ஆட்டோபிளே). அப்பா இரவில் பழைய பாடல்களை ஓடவிட்டு நாற்காலியிலேயே உறங்கிவிடுவார். நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புது டேட்டா வரவு வைக்கப்படும். கேட்பாரற்ற டிவி அதையும் தின்று தீர்க்கும். காலையில் பால்காரருக்கு யுபிஐ-யில் பணம் அனுப்பப் போனால் 64 கேபிபிஎஸ் வேகத்தில் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் பாத்திரத்துடன் வாசலில் நிற்பார். அந்தத் தொடர்ச்சியை அணைத்த பிறகுதான் காலைப்பொழுது நிம்மதியாக விடிந்தது.

ஹாட்ஸ்பாட்டை விட்டால் வழியில்லை என்பவர்கள் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்கை உலாவியில் திறந்து டேட்டா பயன்பாட்டை நடுத்தரமாக மாற்றினால் மணிக்குச் சுமார் 0.7 ஜிபிதான். 2 ஜிபியில் ஒரு முழுப் படம் பார்த்துவிடலாம். எங்கள் 32 அங்குல டிவியில் அப்பாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எனக்குத்தான் முகங்கள் கொஞ்சம் குழைந்து தெரிந்தன.

ஃபைபருக்கு மாறத் தயங்கியதற்குக் காரணம், 'அன்லிமிடெட்' என்று எழுதிவிட்டுப் பொடி எழுத்தில் 3300 ஜிபி என்று வரம்பு போட்டிருந்ததுதான். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு டிவியை இரவு பகல் நிறுத்தாமல் மாதம் முழுக்க எச்டியில் ஓட்டினாலும் 2160 ஜிபிதான் வருகிறது! வீணாகப் பயந்திருக்கிறேன். வேகத்துக்கும் அதிகம் கொட்டிக் கொடுக்கவேண்டாம். 4கே-வுக்கே நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். ஒரு டிவி, இரண்டு மூன்று போன்கள் உள்ள வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் திட்டமே தாராளம்.

ஃபைபர் கம்பி வராத ஊர்களில், கம்பியில்லாமல் சிக்னல் வழியே வீட்டுக்கு இணையம் தரும் ஏர்ஃபைபர் கிடைக்கலாம். அதில் மாதம் 1000 ஜிபி வரம்புள்ள திட்டங்கள் உண்டு. எச்டியில் நாளுக்குப் பதினோரு மணி நேரம் வரும். எதை வாங்கினாலும், வரம்பு தாண்டியபின் வேகம் எவ்வளவு என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேபிளை மட்டும் நான் துண்டிக்கவில்லை. அம்மாவின் தொடர்கள் அதில்தான் வருகின்றன. அதற்கு ஒரு எம்பி கூடச் செலவில்லை.