அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆக எப்படிப் படிப்பது? ஊரில் முடித்த எம்.எஸ்சி. கைகொடுக்குமா?

கேட்டிருப்பவர் டெக்ஸாஸில் மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவைச் சிகிச்சை) வார்டில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), கோவையில் மனநல நர்சிங்கில் எம்.எஸ்சி. முடித்தவர். முழுக்க ஆன்லைனில் படிக்கலாமா, எந்தக் கல்லூரி சுலபம் என்பது கேள்வி. நானும் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, இங்கே வந்து அதே பாதையில் போனவள்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எம்.எஸ்சி. விஷயம். அது வீண் இல்லை, ஆனால் அதை வைத்து நேராகச் சான்றிதழ் தேர்வுக்கு உட்கார முடியாது. நம் ஊரில் அந்தப் பட்டம் முடித்தவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் பாடம் எடுக்கப் போவார்கள், இல்லாவிட்டால் வார்டு பொறுப்புக்கு. மருந்து எழுதும் அதிகாரம் அதில் கிடையாது. இங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்றால், நோயாளியிடம் பேசி, நோய் இன்னது என்று முடிவு கட்டி, மாத்திரையும் எழுதி, அந்த மாத்திரையால் ஏதாவது வம்பு வந்தால் அதற்கும் தானே பதில் சொல்ல வேண்டிய ஆள். அதற்கு உயர்நிலை உடலியக்க நோயியல், உயர்நிலை உடல் பரிசோதனை, உயர்நிலை மருந்தியல் என்று மூன்று தனித்தனிப் பாடங்கள் கட்டாயம், மூன்றுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ‘பி’ என்பதால் ‘த்ரீ பீஸ்’ என்பார்கள். நம் எம்.எஸ்சி. மார்க் பட்டியலில் இவை அந்த வடிவத்தில் இருக்காது. ஏற்கெனவே முதுநிலைப் பட்டம் இருப்பவர்களுக்கு போஸ்ட்-கிராஜுவேட் சர்டிஃபிகேட் என்று ஒரு குறுக்குவழி உண்டு. வெளிநாட்டு எம்.எஸ்சி.யை அதற்கு ஏற்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் எம்.எஸ்.என். (இங்கத்திய நர்சிங் முதுநிலைப் பட்டம்) அல்லது டி.என்.பி. (நர்சிங் முனைவர் பட்டம்) தான் வழி. சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். போன்ற நர்சிங் கல்வி அங்கீகார அமைப்புகளின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியின் பக்கமே போகாதீர்கள்.

ஆன்லைன்? பாடங்கள் ஆன்லைனில் முடியும், சரி. ஆனால் கிளினிக்கல் ஹவர்ஸ், அதாவது நோயாளிகளை நேரில் பார்த்துப் பயிற்சி எடுக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே. சான்றிதழ் தரும் அமைப்பான ஏ.என்.சி.சி.யின் தேர்வை எழுத குறைந்தது 500 மணி நேரம் வேண்டும். கல்லூரிகளுக்காக 2022இல் வந்த தேசியத் தரநிலைகள் 750 மணி நேரம் கேட்கின்றன, கல்லூரிகளும் அதை நோக்கித்தான் நகர்கின்றன. அந்த நேரம் முழுக்க ஒரு மனநல மருத்துவரோ அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ உங்கள் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். அவர்தான் பிரிசெப்டர். எந்தக் கல்லூரி சுலபம் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தக் கல்லூரி பிரிசெப்டரைத் தானே ஏற்பாடு செய்து தருகிறது என்று கேளுங்கள். உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நிறைய ஆன்லைன் கல்லூரிகள் ஃபீஸை வாங்கிக்கொண்டு ‘பிரிசெப்டரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்’ என்று கையை விரித்துவிடும். என் கல்லூரியும் அந்த ரகம்தான் (பெயர் வேண்டாம்). உதவிக்கென்று ஒரு பட்டியல் அனுப்பினார்கள், அதில் இருந்தவர்களில் சிலர் வேலையை விட்டே போயிருந்தார்கள். கிளினிக் கிளினிக்காக மின்னஞ்சல் அனுப்பி, ரிசப்ஷனில் இருப்பவரிடம் கெஞ்சி, கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளிடம் போய் நிற்கிற மாணவர்கள் ஏராளம். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு செமஸ்டரே தள்ளிப் போகும். ஆகவே சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: இடம் கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு, குழந்தைகள், முதியவர்கள், போதைச் சிகிச்சை, உள்நோயாளி வார்டு என்று எல்லா வகையும் கிடைக்குமா, டெக்ஸாஸ் மாணவர்களைச் சேர்க்க அனுமதி இருக்கிறதா. மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வேலையை பாடப்புத்தகம் பாதிதான் கற்றுத்தரும். மனச்சோர்வு என்று ஒரு இளைஞர் வருகிறார், கேள்வித்தாளில் மதிப்பெண்ணும் அதிகம், உடனே ஒரு எஸ்.எஸ்.ஆர்.ஐ. (மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மருந்து வகை) மாத்திரை எழுதத் தோன்றும். நல்ல பிரிசெப்டர் அங்கே நிறுத்தி, ‘தூங்காமலேயே நாலு நாள் உற்சாகமாகச் சுற்றிய காலம் உண்டா என்று கேட்டாயா, வீட்டில் யாருக்காவது பைபோலார் உண்டா’ என்பார். பைபோலார் என்றால் மனச்சோர்வும், மேனியா என்கிற கட்டுக்கடங்காத உற்சாகமும் மாறி மாறி வரும் நோய். கேட்காமல் எழுதினால் அந்த மாத்திரையே அவரை மேனியாவில் தள்ளலாம். பைபோலாருக்காக லித்தியம் எடுப்பவர் முட்டிவலிக்கு ஐபுபுரோஃபன் வாங்கிப் போட்டால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். ஏற்கெனவே வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு லாமோட்ரிஜின் (இரண்டுமே மனநிலையைச் சீராக்கும் மருந்துகள்) தொடங்கினால் வழக்கமான அளவைவிடக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும், வேகமாக ஏற்றினால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போகலாம். இதையெல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்வது ஒன்று, எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது சரியான நேரத்தில் நினைவுக்கு வருவது வேறு.

அதனால்தான் இன்னொன்றும் சொல்வேன். விண்ணப்பிக்கும் முன் ஒன்றிரண்டு வருடமாவது உள்நோயாளி மனநல வார்டில் ஆர்.என். ஆக வேலை பாருங்கள். கட்டாயம் இல்லை, அனுபவமே இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு, எனக்கு அது பிடிக்கவில்லை. பி.எஸ்சி. படிக்கும்போது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் போஸ்டிங் போயிருக்கிறேன், 1794இல் தொடங்கிய பழைய இடம், பார்க்க நிறைய இருந்தது. ஆனால் ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று மாணவர்களை யாரும் கேட்டதில்லை. இங்கே அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாமே தொடங்கும், நம் வளர்ப்புக்கு அது பழக நாளாகும். உங்கள் மெட்-சர்ஜ் அனுபவத்தையும் குறைவாக நினைக்காதீர்கள். திடீரென்று உளறும் ஒரு பாட்டியைப் பார்த்ததும் மனநோய் என்று எழுதாமல் சிறுநீர்த் தொற்றையும் இரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதையும் சந்தேகிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சுச் சிகிச்சை பற்றியும் ஒரு வார்த்தை. மனநல நர்சிங்கில் முதுநிலைப் படிப்பை 1950களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஹில்டகார்ட் பெப்லாவ், நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே சிகிச்சை என்று பார்த்தவர். சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) முதலியவற்றை இன்றும் பாடத்தில் நடத்துகிறார்கள். வேலைக்குப் போனால் பல கிளினிக்குகளில் ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம்கூடக் கிடைக்காது, மருந்து சரிபார்த்து அனுப்ப வேண்டியதுதான். பேசுவதற்காகவே இந்தத் துறைக்கு வருபவர் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

டெக்ஸாஸிலேயே இருக்கப் போகிறீர்களா? அங்கே மருத்துவர் ஒருவருடன் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் மருந்து எழுத முடியாது. ஏ.டி.ஹெச்.டி.க்கான (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) ஆடரால் போன்ற ஷெட்யூல் 2 மருந்துகளை, அதாவது அடிமையாக்கக்கூடியவை என்று கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டவற்றை, வெளிநோயாளி கிளினிக்கில் எழுதவே முடியாது, மருத்துவமனை, ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) மாதிரி இடங்களில் மட்டும்தான். பக்கத்திலேயே நியூ மெக்ஸிகோவில் இந்த ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. ஏ.என்.சி.சி. தேர்வு நாடு முழுக்க ஒன்றுதான், 175 கேள்வி, மூன்றரை மணி நேரம், ஒழுங்காகப் படித்தால் முடிகிற காரியம். அதற்குப் பின் என்ன செய்ய முடியும் என்பதை மாநிலச் சட்டம்தான் தீர்மானிக்கும்.

பணம். கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிராட் பிளஸ் (முதுநிலை மாணவர்களுக்கு மத்திய அரசு தந்த) கடன் கிடையாது, மத்திய அரசுக் கடனுக்கு உச்சவரம்பும் வந்துவிட்டது. உங்கள் மருத்துவமனை படிப்புச் செலவில் ஒரு பங்கு தருமா என்று ஹெச்.ஆரில் கேளுங்கள், பலர் வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிப்பதே அதற்காகத்தான்.

அப்புறம், ஊர் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழக மார்க் பட்டியல். அதை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றி மதிப்பிட்ட அறிக்கையைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும். ஆர்.என். உரிமத்துக்காக முன்பு வாங்கியது பி.எஸ்சி.க்கு மட்டும் என்றால் எம்.எஸ்சி.க்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த உறை வந்து சேர மாதக்கணக்கில் இழுக்கலாம், ஊரில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் இந்த வாரமே அலையச் சொல்லுங்கள்.