வாசகர் கேள்வி: 52 வயதில் வானத்திலிருந்து குதிப்பது

கேள்வி: அண்ணை, கனடாவுக்குப் போகும்போதெல்லாம் விமானத்திலிருந்து பரசூட்டில் குதிக்கிறீர்களாமே, பயமில்லையா? ஊரில் பொழுது எப்படிப் போகிறது?
— வாசகி, சுன்னாகம்

பதில்: பயம் இருக்கிறது, தங்கச்சி. 13,000 அடியில் கதவு திறந்ததும் அடிவயிறு குளிரும். அப்புறம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகம், காதடைக்கும் காற்று. ஒரு நிமிடம்கூட இராது, 5,000 அடிக்குள் பரசூட்டை விரித்துவிடுவேன். உடனே அப்படி ஒரு அமைதி! அதற்காகத்தான் போகிறேன். முதுகுப்பையில் இரண்டாவது பரசூட்டும் இருக்கும். நான் மயங்கிப்போனாலும், தாழ்ந்த உயரத்தில் அதைத் தானாகவே விரிக்க ஒரு கருவி உண்டு.

இறங்குவதுதான் கவனம். காற்றுக்கு முகம் கொடுத்து இறங்கினால் வேகம் குறையும். போன வருடம் அவசரப்பட்டுக் காலை நீட்டி, கணுக்கால் சுளுக்கி, ஆறு கிழமை நொண்டினேன். அதனால் இப்போது தினமும் விடிய பண்ணைப் பாலத்தால் சைக்கிள் ஓடுகிறேன். கால் உரமாக இருக்க வேண்டுமே.

காற்றைப் பார்க்கப் பழகியது பட்டத்தால்தான். சின்ன வயதில் பட்டத்தில் விண் (காற்றில் கூவும் நாண்) பூட்டி ஏற்றுவோம், இரவிலும் கூவும். இன்றும் பனையோலை ஆடும் பக்கத்தைப் பார்த்தே நூலை விடுகிறேன். தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி பார்க்க வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போகாமல் இருந்ததில்லை.

நான் குதிப்பதைப் பார்க்க மனைவி வருவதில்லை. இறங்கிய உடனே போன் எடுக்க வேண்டும், அது மட்டும் அவளுடைய நிபந்தனை.