மாதவிடாய் நின்றபின் எலும்புத் தேய்மானம்: பிரண்டையும் உளுந்தும் போதுமா, மாத்திரை வேண்டுமா?

51 வயது, மாதவிடாய் நின்று இரண்டு வருடம், டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு, டாக்டர் எழுதிய மாத்திரையைப் பார்த்தால் பயம், அதனால் பிரண்டை, உளுந்து, எள்ளோடு சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வருடம் அப்படிச் சமாளித்துப் பார்த்தவள் நான்.

எனக்கு 47 வயதில் நின்றது. முழங்கால் வலிக்கு ஒரு மூலிகைக் கடையில் 'எலும்புத் தேய்மானப் பொடி' வாங்கித் தினம் சாப்பிட்டேன். வலி குறைந்தது. எலும்பு தேறிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் வாசல் தெளிக்கும்போது சறுக்கி, கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்தது. அப்புறம் எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பு டி ஸ்கோர் (நம் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.7. மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழோ போனாலே எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்).

இந்தத் 'தேய்மானம்' என்கிற வார்த்தைதான் நம்மைக் கவிழ்க்கிறது. மூட்டு தேய்வது வேறு, அது வலிக்கும். எலும்பு உள்ளுக்குள் புரைபுரையாகப் போவது வேறு, முறியும்வரை பெரும்பாலும் வலிக்காது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். மாதவிடாய் நின்றதும் அந்தக் கடிவாளம் போய்விடுகிறது, முதல் சில வருடங்களில்தான் இழப்பு வேகமாக இருக்கும். ஆகவே "பிரண்டை சாப்பிட்டேன், வலி போச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

பிரண்டையை நான் குறை சொல்லவில்லை. முட்டையகம் (சினைப்பை) நீக்கிய எலிகளிடம் எலும்பு இழப்பை அது குறைத்திருக்கிறது. நம்மைப் போன்ற பெண்களுக்கு முறிவைத் தடுக்கும் என்று சொல்ல அது போதாது. ருசிக்காகவே வாரம் ஒருமுறை துவையல் அரைப்பேன். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இளங்கணுவாகப் பார்த்து ஒடித்து, நாலு ஓரத்து நாரையும் உரித்து, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும்வரை எண்ணெயில் வதக்க வேண்டும். அவசரப்பட்டால் எவ்வளவு புளி வைத்தாலும் தொண்டை அரிக்கும்.

கால்சியத்துக்கு நம் அடுப்படி நல்ல இடம்தான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரையும் தோலோடு உள்ள எள்ளும் நல்லவை. ஆனால் எள் தோலில் ஆக்சலேட் இருப்பதால் அதிலுள்ள கால்சியம் முழுசாக உடம்பில் சேராது. இந்த வயதில் நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வரை தேவை. ஒரு கிண்ணம் கேழ்வரகுக் களி அதை எட்டாது, தயிரும் மோரும் சேர வேண்டும். உளுந்தங்களி புரதத்துக்கு நல்லது, அதைக் கால்சியக் கணக்கில் பெரிதாக எழுதாதீர்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் தின்ற கால்சியமும் சரியாகச் சேராது. ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சோயாவில் ஈஸ்ட்ரோஜன் சாயலுள்ள ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது, அது எலும்புக்கு உதவுமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. சோயாவை உணவாகச் சாப்பிடலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஐசோஃபிளேவோன் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

உங்கள் ஸ்கோர் மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்து, இதுவரை எதுவும் முறியவில்லை என்றால், உணவும் நடையும் எடைப் பயிற்சியும் போதுமா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். அதற்குக் கீழே என்றால் மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள்.

நான் வாரம் ஒரு மாத்திரை போடுகிறேன். இரண்டு வருடத்தில் மைனஸ் 2.3-க்கு வந்திருக்கிறது. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, தண்ணீர் தவிர வேறு எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. மாடியில் நடந்துகொண்டே கீழே வீட்டுக்காரர் காபி ஆற்றும் வாசனையைப் பொறுத்துக்கொள்வதுதான் இதில் எனக்குக் கஷ்டம்.