வாசகர் கேள்வி – பதில்: டெக்சாஸில் மனுவை யாரிடம் கொடுப்பது?

ஓசூர் முதல் அரூர் வரை, பிள்ளைகளைக் கணினி வேலைக்கு அனுப்பிய பல குடும்பங்களில் டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் என்னும் பெயர்கள் இப்போது சேலம், பெங்களூரு போலவே புழங்குகின்றன. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி டெக்சாஸ் மாநிலத்தைப் பற்றியதாகவே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி: டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் என் மகன் புது வீடு வாங்கியிருக்கிறான். “டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது அப்பா” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இரண்டாம் ஆண்டு வீட்டு வரியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். அரசு ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிறதா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரூர்

பதில்: வாங்கிக்கொள்வது மாநில அரசு அன்று, ஐயா. டெக்சாஸில் தனிநபர் வருமானத்துக்கு மாநில வரி இல்லை. இனிமேலும் விதிக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு வாக்காளர்களே மாநில அரசியலமைப்பில் எழுதி வைத்துவிட்டார்கள். வாஷிங்டனிலுள்ள நடுவண் அரசுக்குரிய வருமான வரியை மட்டும் மற்ற மாநிலத்தாரைப் போலவே கட்ட வேண்டும். அதே அரசியலமைப்பு மாநில அரசு சொத்து வரி விதிப்பதையும் தடுக்கிறது. ஆகவே உங்கள் மகனுக்கு வந்த தொகை கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு), நகராட்சி, பள்ளி மாவட்டம் (பொதுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு), சமுதாயக் கல்லூரி ஆகியவை தனித்தனியே விதித்த வரிகளின் கூட்டு; அதில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. எல்லாம் சேர்ந்து பல புறநகர்களில் வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை வந்துவிடும். அரையாண்டுக்கு ஒரு முறை நாம் நகராட்சியில் கட்டும் வரியோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை. அங்கே ஊர்ப் பள்ளிக்கூடத்தை நடத்தும் பணமும் இதிலிருந்தே வருகிறது.

இரண்டாம் ஆண்டில் தொகை திடீரென்று ஏறியதற்கு வேறொரு காரணம் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் சனவரி 1-ஆம் தேதி சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்புப் போடுகிறார்கள். அன்றைக்கு வெறும் மனையாகவோ பாதி கட்டிய வீடாகவோ இருந்திருந்தால், முதலாண்டு வரி சிறியதாக வரும்; மறு ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வரும். வங்கி மாதத் தவணையோடு வரியையும் சேர்த்துப் பிடிப்பதால், முதலாண்டில் குறைவாகப் பிடித்ததையும் சேர்த்து மறு ஆண்டில் தவணை ஏறிவிடுகிறது. வீடு விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

மகன் செய்ய வேண்டியவை இரண்டு. அந்த வீட்டில் தாமே குடியிருப்பதால், குடியிருப்பு வீட்டுக்கான விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும் என்பதால் முதலில் அதை மாற்றிக்கொள்ளட்டும். பள்ளி வரி கணக்கிடும்போது வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கப்படும் இந்த விலக்கு 2023-இல் 1,00,000 டாலராக உயர்த்தப்பட்டு, 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு 1,40,000 டாலராகியிருக்கிறது. வீட்டின் மதிப்பு 5,00,000 டாலர், பள்ளி வரி நூற்றுக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால், 5,000 டாலர் கட்ட வேண்டிய இடத்தில் 3,600 கட்டினால் போதும். இந்த விலக்கைப் பெற்ற வீட்டுக்கு வரிக்குரிய மதிப்பை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது. அடுத்தது, மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் பொதுவாக மே 15-க்குள் எதிர்ப்பு மனு போடலாம். மறு ஆய்வுக் குழுவின் முன் தாமே போய், அக்கம்பக்கத்து வீடுகளின் மதிப்பையும் தம் வீட்டின் பழுதுகளுக்கான படங்களையும் காட்டலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கேட்காதவருக்குக் குறைப்பதில்லை.

கேள்வி: மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது வெளியே போக ஒரு பேருந்துகூட இல்லை. பாலக்கோட்டில் நின்றால் கால் மணி நேரத்தில் ஒரு வண்டி வந்துவிடும். அவ்வளவு பணக்கார ஊரில் ஏன் இந்த நிலை?
— வாசகி, பாலக்கோடு

பதில்: அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு 6.25 சதவீதம், உள்ளூர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து அதற்கு மேல் 2 சதவீதம் வரைதான் சேர்க்கலாம். 1983-இல் டாலஸ் வட்டாரத்துப் போக்குவரத்துக் கழகமான டார்ட்டில் சேர்ந்த நகரங்கள் அந்த இரண்டில் ஒன்றை அதற்கு ஒதுக்கின. சேராத நகரங்கள் அதே பணத்தைத் தொழில் வளர்ச்சிக்கும் பூங்காக்களுக்கும் செலவிட்டன. பிரிஸ்கோ அப்படிப்பட்ட ஊர். பக்கத்து ஆர்லிங்டன் நான்கு லட்சம் பேர் வாழும் நகரம். அங்கேயும் குறித்த தடத்தில் ஓடும் பேருந்து கிடையாது, கைபேசியில் அழைத்தால் வரும் சிறு வேன்தான்.

கேள்வி: திங்கட்கிழமை தோறும் கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். ஹூஸ்டனுக்கு வெளியே என் மகள் குடியிருக்கும் தெருவில் மழைத் தண்ணீர் வடிவதில்லை. அங்கே கலெக்டர் போல ஒருவர் கிடையாதா?
— மாந்தோப்பு விவசாயி, சந்தூர்

பதில்: கிடையாது. டெக்சாஸில் 254 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் பகுதிக்கு ஒருவராக நான்கு கமிஷனர்களும், கவுண்டி முழுவதற்கும் ஒரு தலைவரும் அடங்கிய குழு நடத்துகிறது; ஐவரும் தேர்தலில் நின்று வந்தவர்கள். கவுண்டிக் காவல் தலைவரான ஷெரீப், வரி வசூல் அதிகாரி, மாவட்ட வழக்கறிஞர் ஆகியோரும் அப்படியே. நீதிபதிகள்கூடக் கட்சிப் பெயரோடு வாக்குக் கேட்கிறார்கள். மேலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரி ஒருவரைப் பார்த்துக் கும்பிடு போட்டால் வேலை நடக்கும் என்ற பழக்கத்தை உங்கள் மகள் மறந்துவிட வேண்டியதுதான்.

முதலில் வீடு நகர எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருந்தால் 311 என்ற எண்ணில் புகார் பதியலாம். ஹூஸ்டனில் மேயரே நிர்வாகத்தை நடத்துகிறார். டாலஸிலும் ஆஸ்டினிலும் கவுன்சில் நியமிக்கும் நகர மேலாளர் நடத்துகிறார். எல்லைக்கு வெளியே இருந்தால், ஹூஸ்டன் புறநகர்களில் பெரும்பாலும் அப்படித்தான், குடிநீர், கழிவுநீர், வடிகால் ஆகியவற்றைப் பயன்பாட்டு மாவட்டம் என்னும் தனி அமைப்பு பார்த்துக்கொள்ளும். ஐந்து இயக்குநர்கள் கொண்ட அந்த அமைப்பு, மனைப்பிரிவு போடும்போது வாங்கிய கடனைக் குடியிருப்போரிடம் வரியாக வசூலிக்கிறது. தண்ணீர் தேங்கும் தெருவுக்கு அந்த இயக்குநர்களின் கூட்டமும், தம் பகுதிக் கவுண்டி கமிஷனரும்தான் வழி. நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருளைப் பற்றிப் பேச விரும்பும் பொதுமக்களைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று 2019 முதல் மாநிலச் சட்டமே இருக்கிறது. பத்து வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு போகட்டும். மே மாதத்து உள்ளூர்த் தேர்தல்களில் பதிவு செய்த வாக்காளர்களில் பத்தில் ஒருவர்கூட வராத ஊர்கள் உண்டு. அத்தகைய இடத்தில் பத்து வீடு என்பது உறுப்பினர்கள் அலட்சியப்படுத்தக் கூடிய எண்ணிக்கை அன்று. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் 2025 சனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தல் இருந்தும் போகாதவர்களை நினைத்தால் எனக்குச் சற்றுப் பொறாமைகூட வருகிறது.

கேள்வி: ஆஸ்டின் நகரம் ஒரு கட்சியின் பக்கம், மாநில அரசு மறு கட்சியின் கையில் என்கிறார்களே. நகரம் தன் விருப்பப்படி நடக்க முடியுமா?
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பதில்: ஓரளவுக்குத்தான். பிளாஸ்டிக் பையையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது மாநில அரசு. ஓசூர் மாநகராட்சி அதை நடைமுறைப்படுத்துகிறது. டெக்சாஸில் நேர்மாறாக நடந்தது. ஆஸ்டின் 2013-இலேயே தானாகத் தடை கொண்டுவந்தது. எல்லையோர நகரமான லரேடோவும் அவ்வாறே செய்தது. மாநிலச் சட்டத்துக்கு இது முரண் என்று 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் லரேடோ வழக்கில் தீர்ப்பளித்ததும், ஆஸ்டினும் தன் தடையைக் கைவிட்டது. டென்டன் நகரத்தின் கதை இன்னும் கசப்பானது. பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதை 2014 நவம்பரில் அந்நகர மக்களே வாக்களித்துத் தடை செய்தார்கள். அடுத்த மே மாதமே, எண்ணெய் எரிவாயு விவகாரம் நகரங்களுக்கு உரியதன்று என்று சட்டமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. வாஷிங்டன் தன்மேல் கை வைத்தால் மாநில உரிமை என்று முழங்கும் டெக்சாஸ் அரசு, தனக்குக் கீழுள்ள நகரங்களிடம் நடந்துகொள்ளும் முறை இது. நம்மூர் அரசியலைக் கவனிப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

கேள்வி: அங்கே சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் கூடுமாமே, உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 600 டாலர்தானாமே?
— பொறியியல் மாணவர், பர்கூர்

பதில்: இரண்டும் உண்மை. ஒற்றைப்படை ஆண்டுகளில் சனவரி இரண்டாம் செவ்வாயன்று கூடி, அதிகபட்சம் 140 நாள்களில் முடித்துவிட வேண்டும். கீழவையில் 150 பேர், மேலவையில் 31 பேர். இரண்டு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஒரே மூச்சில் நிறைவேற்றுகிறார்கள். கூட்ட நாள்களுக்குப் படி தனியாக உண்டு என்றாலும், மாதம் 600 டாலரில் அங்கே யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே சொந்தத் தொழிலோ வழக்கறிஞர் பணியோ சொத்தோ உள்ளவர்கள்தாம் பெரும்பாலும் உறுப்பினராக முடிகிறது. இதை எளிமை என்று புகழ்வோர் உண்டு. கூலி வேலை செய்பவர் நுழைய முடியாத எளிமை என்றே நான் கருதுகிறேன்.

நடுவில் சிறப்புக் கூட்டம் கூட்டும் அதிகாரம் ஆளுநருக்கு மட்டுமே உரியது. அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்; 2015 முதல் கிரெக் அபாட் அப்பதவியில் இருக்கிறார். 2025 கோடையில் நாடாளுமன்றத் தொகுதிகளைத் திருத்தி வரைய அவர் அவையைக் கூட்டியபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இல்லினாய் முதலிய மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். 150-இல் 100 பேர் இருந்தால்தான் அவை நடக்கும். 2017-இல் நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கூவத்தூர் விடுதியில் தங்கவைத்தது பெரும்பான்மையைக் காக்க. இவர்கள் ஊரைவிட்டுப் போனது அவையை நிறுத்த. சுமார் இரண்டு வாரத்தில் திரும்பினார்கள், புதிய வரைபடமும் நிறைவேறியது.

கேள்வி: 2021 பிப்ரவரியில் என் மகள் கைக்குழந்தையோடு கும்மிருட்டில் குளிரில் நடுங்கியதை மறக்க முடியவில்லை. அமெரிக்காவிலும் மின்வெட்டா? இனியும் வருமா?
— வாசகி, பென்னாகரம்

பதில்: தருமபுரி மாவட்டத்தில் 2012-ஆம் ஆண்டைக் கடந்தவர்களுக்கு இதன் ஒரு பாதி எளிதாக விளங்கும், அம்மா. அப்போது தமிழ்நாட்டுக்குப் போதிய மின்சாரம் இல்லை; வடக்கே இருந்தாலும் தேவையான அளவுக்குக் கொண்டுவர வழியில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் பெருந்தடத்தால் தென்னகம் நாட்டின் மற்ற மின்தொகுப்போடு இணைந்தது. டெக்சாஸோ இணையாமல் இருப்பதைத் தானே விரும்பி ஏற்றுக்கொண்டது. மின்சாரம் மாநில எல்லையைத் தாண்டினால் வாஷிங்டனின் கட்டுப்பாடு வந்துவிடும் என்பதால், மாநிலத்தின் பெரும்பகுதியை எர்காட் என்னும் தனித் தொகுப்பாகவே வைத்திருக்கிறார்கள். வெளியோடு சில சிறு இணைப்புகள் மட்டுமே உண்டு.

அந்தப் பிப்ரவரியில் கடுங்குளிரால் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் மின்நிலையங்களும் உறைந்தன. மின்சாரம் நின்றதால் எரிவாயுவை அழுத்தி அனுப்பும் பொறிகளும் நின்றன. அதனால் மேலும் மின்நிலையங்கள் நின்றன. காற்றாலை மேல் பழி போட்டவர்கள் பலர், ஆனால் இழப்பில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவினுடையது. தொகுப்பு முழுவதும் சரிந்துவிடாமலிருக்க பிப்ரவரி 15 விடியற்காலையில் வீடுகளின் இணைப்பைத் துண்டித்தார்கள். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். மேற்குத் தொகுப்போடு இணைந்திருந்த எல் பாசோ நகரம் பெரிய துன்பமின்றித் தப்பியது.

அதன் பிறகு மின்நிலையங்கள் குளிர்காப்புச் செய்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. சூரிய மின்சாரமும் பெரிய மின்கலங்களும் வேகமாகப் பெருகியிருக்கின்றன. ஆனால் உற்பத்திக் குறைவு மட்டுமே காரணமன்று: 2024 சூலையில் பெரில் புயல் ஹூஸ்டனில் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தபோது இருபது லட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் நின்றது. சனவரி, பிப்ரவரியில் குளிர் எச்சரிக்கை வந்தால் குடிநீரைப் பிடித்து வைக்கவும், குழாய்களில் நீர் சொட்டும்படி விடவும் மகளிடம் சொல்லுங்கள். வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டவோ, மூடிய கொட்டகையில் காரை ஓடவிடவோ கூடாது. அந்த வாரத்தில் அப்படி நச்சுப்புகையால் இறந்தவர்களும் உண்டு.

கேள்வி: மகன் வீட்டு வாசலில் பிள்ளையார் சிலை வைத்ததற்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எடுத்துவிட வேண்டுமா?
— வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: சட்டென்று எடுக்க வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளர் தம் சொத்தில் சமயப் பொருள்களை வைப்பதைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் 2021-இல் சட்டத்தை விரிவாக்கியது. பிறர் பாதுகாப்புக்குக் கேடு விளைவிப்பது, மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியை மீறுவது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் தடுக்கலாம். கடிதத்துக்கு அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் விடை அனுப்பட்டும். புல்லை வெட்டாததற்கு வரும் கடிதங்களுக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது.

கேள்வி: என் தம்பி மகன் கிரீன் கார்டு வாங்கிவிட்டான். உள்ளூர்ப் பள்ளி மாவட்டத் தேர்தலிலாவது வாக்களிக்கலாமா?
— அஞ்சலக ஊழியர், ஊத்தங்கரை

பதில்: எந்தத் தேர்தலிலும் கூடாது. குடியுரிமை பெற்றவர்களே வாக்களிக்கலாம்; 2025 நவம்பரில் அதை அரசியலமைப்பிலும் வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யலாமா என்று கேட்பார்கள். அவசரத்தில் “ஆம்” என்று குறித்துவிட்டால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும். கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம், வேலை விசாவில் இருப்பவர் தரக் கூடாது. பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் பேச இருவருக்கும் தடை இல்லை.