கட்டுச்சோறும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு கரூரிலிருந்து காரில் குற்றாலம் போக இருக்கிறோம். வழியில் ஓட்டலில் காத்துக் கிடக்காமல், எங்காவது மர நிழலில் அமர்ந்து எளிய முறையில் ஒரு பிக்னிக் போலச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். வீட்டில் யாரும் உற்சாகம் காட்டவில்லை. என் மனைவி, ஓட்டலே போதும் என்கிறார். இந்த எளிய இன்பத்தின் அருமையை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
— வாசகர் ஒருவர், கரூர்

பதில்: உங்கள் கேள்வியில் 'எளிய' என்ற சொல் இரண்டு முறை வருகிறது; 'சமையல்' என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. உங்கள் மனைவி ஓட்டலே போதும் என்று சொன்னதன் காரணம் இதிலேயே அடங்கியிருக்கிறது என்றாலும், பக்கத்தை நிரப்பும் கடமை எனக்கு இருப்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

காலை 7 மணிக்குக் கார் புறப்பட வேண்டுமென்றால் 4 மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். புளிக்காய்ச்சலை முதல் நாள் இரவே கொதிக்கவிட்டு எண்ணெய் பிரியும்வரை கூடவே நின்றிருக்க வேண்டும். காலையில் சோற்றை வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, அது ஆறும் இடைவெளியில் இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி, உருளைக்கிழங்கை வறுத்து, அப்பளத்தைப் பொரித்து, அந்த அப்பளத்தைப் புறப்படும் முன்பே தின்று தீர்க்கும் பிள்ளைகளை விரட்டி, எல்லாவற்றையும் தூக்குகளில் அடைத்து முடிக்கும்போது, நீங்கள் குளித்து, நீறு பூசி, காரின் அருகே நின்றுகொண்டு 'இன்னும் கிளம்பவில்லையா?' என்று கேட்பீர்கள். மர நிழலில் துண்டு விரித்து அமர்பவருக்கு அது எளிய சாப்பாடு. அடுப்படியில் நின்றவருக்கோ அது 200 கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பந்தி வைக்கும் ஒரு சிறிய கல்யாணம்.

போகட்டும், நீங்கள் ஆசைப்படும் அந்தப் பிக்னிக் என்ற சொல்லையாவது அதன் பழைய பொருளில் கையாளுவோம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மொழியில் அது தலைகாட்டியபோது அதில் மரமும் இல்லை, நிழலும் இல்லை, புல்தரையும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் பங்கைக் கொண்டுவந்தோ, பங்குக்குரிய காசைக் கொடுத்தோ உண்ணும் விருந்துக்கே அந்தப் பெயர். பெரும்பாலும் அது கூரைக்குக் கீழேதான் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்வெளியில் வைத்தார்கள். வைத்தவர்கள் 'ஆளுக்கொரு பங்கு' என்ற பகுதியை வழியில் எங்கோ தவறவிட்டுவிட்டார்கள். நமக்கும் அந்தப் பாதிச் சொல்தான் வந்து சேர்ந்திருக்கிறது. தவறவிட்ட மறுபாதி நம் தெருப்பிள்ளைகளிடம் எப்போதும் இருந்தது: ஒருத்தி அரிசி, ஒருவன் பருப்பு, இன்னொருவன் வீட்டுக்குத் தெரியாமல் எடுத்த இரண்டு கத்தரிக்காய் என்று கொண்டுவந்து, மூன்று கல் கூட்டி ஆக்கியதைக் கூட்டாஞ்சோறு என்றார்கள். ஆகவே பிக்னிக்கைத் தமிழாக்கித் தருகிறேன் என்று 'மகிழுலா', 'சிற்றுலா', 'இன்பச் சிற்றுண்டிப் பயணம்' என்றெல்லாம் எனக்கு எழுதிக்கொண்டிருக்கும் அன்பர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கூடிச் செய்தால் கூட்டாஞ்சோறு, கட்டிக்கொண்டு போனால் கட்டுச்சோறு. இவற்றுக்கு மேல் ஒரு சொல் வேண்டுமானால் நம் உணவில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். (கட்டுசாதம் என்று நான் எழுதினால் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் அதைக் கட்டுச்சோறு என்று மாற்றிவிடுவார் என்பதும், தம் வீட்டில் அவர் சாதம் என்றுதான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்பதும் தனிக்கதை.)

எனவே பங்கு பிரியுங்கள். புளிக்காய்ச்சல் உங்கள் அம்மாவிடமும் தயிர்சோறு உங்களிடமும் இருக்கட்டும். ஆம், உங்களிடம்தான், அது அத்தனை கடினமில்லை. சோற்றைக் குழையப் பிசைந்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிரும் உப்பும் சேர்த்து மூடினால், காரின் சூட்டில் அது வழியிலேயே உறைந்து, நண்பகலில் புளிக்காத தயிர்சோறாகத் திறக்கும். முழுவதும் தயிர் விட்டுப் பிசைந்தால் திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் புளித்துவிடும். எலுமிச்சைச் சோறு உங்கள் தங்கையிடம் இருந்தால், சாற்றை அடுப்பில் கொதிக்கவிட வேண்டாம், கசக்கும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். தேங்காய்ச் சோறு யார் செய்தாலும் முதலில் அதையே தீர்த்துவிட வேண்டும். புளியும் எண்ணெயும் காக்கும் சோறு மாலைவரைக்கும் பொறுக்கும். தேங்காய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. எந்தச் சோறானாலும் ஆவி அடங்காமல் மூடாதீர்கள். சூட்டோடு மூடிய சோறு உள்ளேயே வியர்த்து நீர் விடும். வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில், கொதியிலும் சாகாத ஒருவகைக் கிருமி வித்துக்கள் முளைத்து நஞ்சு சேர்க்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். நான் சொல்லிக் கொடுப்பது குற்றாலம் வரைக்குமாவது தாங்க வேண்டும்.

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரியப்பா உண்டு. அவருடைய பங்கு யோசனை. வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதை அவர்தான் சொல்வார். முதல் மரத்தில் நிழல் போதாது. இரண்டாவது மரம் புளியமரம், அதில் பேய் இருக்கும். மூன்றாவது மரத்தடியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்கள் நமக்கு முன்னால் கிளம்பியவர்கள் என்பதே அவருக்குப் பொறுக்காது. நான்காவது மரம் சாலையின் மறுபுறத்தில் இருக்கிறது. இதற்குள் பின்னிருக்கையில் இருக்கும் சித்தி மகன் மடியிலிருந்த தூக்கைத் திறந்து உருளைக்கிழங்கைப் பாதியாக்கியிருப்பான். கட்டுச்சோற்றுக்குள் பெருச்சாளியை வைத்துக் கட்டியது போல என்ற பழமொழியைச் செய்தவருக்கு நிச்சயம் இப்படி ஒரு மருமகன் இருந்திருப்பான்.

பெரியப்பாவின் மீது முழுப்பழியையும் போட நான் விரும்பவில்லை. கரூரிலிருந்து மதுரைவரை நீங்கள் போகும் நான்குவழிச் சாலையில் பேய்க்கே மரம் இல்லாதபோது பெரியப்பாவுக்கு எப்படி இருக்கும்? சாலையை அகலமாக்கியவர்கள் ஓரத்துப் புளியமரங்களை வெட்டிவிட்டு நடுவில் அரளிச்செடியை வைத்தார்கள். அரளியின் நிழலில் ஓணான்தான் உட்கார முடியும். வழிப்போக்கருக்கு நிழலும் சோறும் தருவது ஆட்சியின் வேலை என்று கருதிச் சாலையோரங்களில் சத்திரம் கட்டிய ராணி மங்கம்மாளை மதுரையைக் கடக்கும்போதாவது நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்திரங்களின் இன்றைய வாரிசுகளான நெடுஞ்சாலை உணவகங்களைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, பலமுறை வசவும் வாங்கியிருக்கிறேன். பேருந்தை நிறுத்தி, பயணிகளை இறக்கி, ஆறிப்போன தோசையைச் சூடான விலைக்கு விற்கும் கலையை மங்கம்மாள் அறிந்திருக்க நியாயமில்லை.

ஆகையால் மதுரையைத் தாண்டும்வரை இட்லியோடு பொறுத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு மரம் தேவையில்லை, ஓடும் காரிலேயே சாப்பிடலாம். திருமங்கலத்தில் திரும்பித் தென்காசிச் சாலையைப் பிடித்தபின் அவசரப்படாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குங்கள். உங்கள் வீட்டு அடுப்பு செய்யத் தேவையில்லாத ஒரே பண்டம் அதுதான். இராஜபாளையத்தைக் கடந்தால் மேற்கே மலை கூடவே வரும். தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக இருக்கும் அந்தப் பகுதியில், தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்டவரை வேண்டாம் என்று சொன்ன தோப்புக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தவரைப் பார்த்திருக்கிறேன். குற்றாலம் போய்ச் சேர்ந்து அருவிக்கரையில் சாப்பிடலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த மலையின் வானரங்கள் கனி கொடுத்துக் கொஞ்சுவதாகப் பழம்பாட்டு உண்டு. இப்போது அவை கொடுப்பதை விட்டுவிட்டு வாங்குவதில் இறங்கியிருக்கின்றன, கேட்டு வாங்குவதும் இல்லை.

தட்டு எதுவும் வேண்டாம். தணலில் வாட்டிய வாழையிலை போதும். வாட்டிய இலை மடித்தால் கிழியாது, சோற்றுக்கு ஒரு மணமும் தரும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டுக்கும் சோறு பொதியும் பிளாஸ்டிக் தாளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை இருப்பதை எந்த மரத்தடியைப் பார்த்தும் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது என்பது வேறு செய்தி.

பயணத்தில் கட்டுச்சோறு உண்பது கஞ்சத்தனம் என்று முன்பொருமுறை எனக்கு எழுதிய அன்பருக்கு அன்று சொல்ல மறந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். சீகாழியை அடுத்த திருக்குருகாவூருக்கு அடியார் கூட்டத்தோடு பசியும் தாகமுமாக நடந்துவந்த சுந்தரருக்காக, இறைவனே அந்தணராக வந்து வழியில் குளிர்ந்த பந்தல் போட்டு, தண்ணீரும் பொதிசோறும் கொடுத்தார் என்பது புராணம். சமைத்ததும் சுமந்ததும் பரிமாறியதும் அவரே. சுந்தரரை எதுவும் செய்யச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் சுந்தரர் இல்லை. உண்டவர்கள் உறங்கி எழுந்து பார்த்தபோது அந்தணரும் இல்லை, பந்தலும் இல்லை. எச்சில் இலை ஒன்று கிடந்ததாகவும் யாரும் பாடவில்லை.